பூட்டிய வீட்டின் கதவில் ஒட்டிய சம்மன்

(வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்)

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் காவிரிக் கரையில் ஒரு கிராமம். மகளின் நர்சிங் படிப்புக்காக 12.6.2019 அன்று ஊரில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 2,00,000 ரூபாய் வாங்கினேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 4,000 வீதம் 2021 அக்டோபர் வரை 28 மாதம் கட்டினேன். முதல் 17 மாதம் கையில் கொடுத்தேன், கடைசி 11 மாதம் கூகுள் பே மூலம் அனுப்பினேன். 2021 ஏப்ரலில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் வந்துவிட்டோம். கணவருக்கு உடம்பு முடியாமல் போனதால் அதற்குப் பிறகு கட்ட முடியவில்லை.

2022 ஐப்பசியில் என் நாத்தனார் போன் செய்து, உன் வீட்டுக் கதவில் ஏதோ கோர்ட் காகிதம் ஒட்டியிருக்கிறது, மழையில் நனைந்து எழுத்தே தெரியவில்லை என்றாள். கடன்காரர் மிரட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். சென்ற மாதம் 9ஆம் தேதி ஊர் வீட்டுக்கு அமீனா (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) வந்திருக்கிறார். அப்போதுதான் 2023 மார்ச்சிலேயே எனக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நான் வராமலே ஒருதலையாகத் தீர்ப்பு, ஆகிவிட்டது தெரியும். 3,40,000 ரூபாயும் செலவுத் தொகையும் கட்ட வேண்டுமாம். தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், காகிதம் ஒட்டிய கதையை யாரிடமும் சொல்லாதே, ஒன்றுமே தெரியாது என்று மனுப் போடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஹைகோர்ட்டில் அப்பீல் போடச் சொல்கிறார். என்னைக் கைது செய்வார்களா? சம்பளத்தில் பிடிப்பார்களா?

(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோது அந்த 9ஆம் தேதியிலிருந்து 16 நாள் ஓடியிருந்தது. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கெடு தாண்டிவிடும் என்பதால், உடனே மனுத் தாக்கல் செய்யும்படி இதழ் அலுவலகம் மூலம் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கைதுக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணைக்காக (டிகிரிக்காக) ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு ஒரே வரியில் இதைச் சொல்கிறது. அமீனாவோ கடன்காரரோ வேறு எதைச் சொல்லி மிரட்டினாலும் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சம்பளம்: அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. தொழிலாளியின் கூலி அதில் இருக்கிறது. தொழிலாளி என்றால் கைத்திறன் உள்ளவரும் அடங்குவார் என்று விளக்கமும் இருக்கிறது. ஓவர்லாக் டைலருக்கு அது பொருந்தும் என்று உறுதியாக வாதிடலாம். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைவினைஞரின் தொழில் கருவி இவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்துத் தைத்துக் கொடுப்பவராக இருந்தால் அதையும் தூக்கிச் செல்ல முடியாது.

ஊர் வீட்டில்தான் ஒரு சிக்கல். தொழிலாளியின் வீட்டுக்கும் இந்தப் பிரிவு பாதுகாப்பு தருகிறது, ஆனால் அவர் அதில் குடியிருக்க வேண்டும். நீங்களோ நான்கு வரி தள்ளி, நான் அந்த வீட்டில் குடியில்லை, அதனால் சம்மன் சேரவில்லை என்று சொல்லப் போகிறீர்கள். இரண்டு கத்தியையும் ஒரே உறையில் செருக முடியாது. சம்மன் சேரவில்லை என்ற வாதம்தான் தீர்ப்பையே எடுத்துவிடக் கூடியது. ஆகவே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பாதுகாப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இனி அந்தக் குமாஸ்தாவின் யோசனை. இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளில், 1997 என்று நினைவு, ஓர் அரிசி மண்டிக்காரர் வந்தார். உங்களைப் போலவே எக்ஸ்பார்ட்டி. வழக்கு வாய்தாவுக்கு வந்த சமயத்தில் அவர் மஞ்சள் காமாலையில் 40 நாள் படுத்திருந்தார். மருத்துவச் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் கையில் இருந்தன. அதை மட்டும் எழுதியிருந்தால் எந்த நீதிபதியும் இரக்கம் காட்டியிருப்பார். அவருக்கோ யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘சம்மனே வரவில்லை என்று எழுதுங்கள் அம்மா, அதுதான் பலம்’ என்று அடம் பிடித்தார். நானும் இளையவள், எழுதிக் கொடுத்தேன். விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து தபால் ஒப்புகை அட்டையை நீட்டினார். பச்சை மையில் என் கட்சிக்காரரின் கையெழுத்து, கீழே மண்டியின் ரப்பர் முத்திரை. அதற்குப் பிறகு நான் நீட்டிய மருத்துவச் சீட்டை நீதிபதி திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மனு தள்ளுபடி. உண்மையான காரணம் கையில் இருந்தும் பொய்யால் தோற்றவர் அவர். அன்றிலிருந்து அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) எழுதும்போது கட்சிக்காரரை ஒரு மணி நேரமாவது குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன்.

உங்கள் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், நாத்தனாரின் போனை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லும் மனு, அதே உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13இன் கீழ் வருகிறது. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்டினால் போதும். ஒன்று, சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை. மற்றது, வழக்கு அழைக்கப்பட்ட நாளில் வர முடியாமல் போக நியாயமான காரணம் இருந்தது. ஆனால் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. சம்மன் சேர்த்த முறையில் குறை இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்திருந்தால், அந்தக் குறையைக் காட்டித் தப்ப முடியாது. நாத்தனார் சொன்னது என்ன? நனைந்த காகிதம், ஏதோ கோர்ட். எந்த நீதிமன்றம், எந்த எண், எந்தத் தேதி என்று அவருக்கே தெரியாது. காகிதம் ஒட்டியது தெரிவது வேறு, விசாரணைத் தேதி தெரிவது வேறு. அந்த வால் உங்களைத் தொடாது. அதனால் அதை நீங்களே அபிடவிட்டில் எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வெளியே கொண்டுவரும். கிராமத்தில் நாத்தனார் போன் செய்த சேதி கடன்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

கதவில் ஒட்டுவது எப்போது செல்லும் என்பதற்கும் கட்டளை 5 விதி 17 இருக்கிறது. பிரதிவாதி வாங்க மறுத்தால் ஒட்டலாம். முயன்று தேடியும் ஆள் வீட்டில் இல்லை, நியாயமான நேரத்துக்குள் வருவார் என்றும் தெரியவில்லை, அவருக்குப் பதில் வாங்க ஆளும் இல்லை என்றாலும் ஒட்டலாம். அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் வீட்டின் வெளிக் கதவில். ஒட்டிய சிப்பந்தி, என்ன சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று அறிக்கை எழுத வேண்டும். ஒன்றரை ஆண்டாகப் பூட்டிக் கிடந்த வீடு நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் வீடாகாது. எனவே முதல் வேலையாக நகல் மனுப் போட்டு, தீர்ப்பு, தீர்ப்பாணை, வாதி தாக்கல் செய்த வழக்குரை இவற்றோடு சம்மன் அறிக்கையின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள். பலர் தீர்ப்பு நகலோடு நின்றுவிடுவார்கள். இந்த வழக்கில் உயிர் சிப்பந்தியின் அந்த அரைப் பக்க அறிக்கையில்தான் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, ‘அக்கம்பக்கம் விசாரித்தேன்’ என்று எழுதியிருக்கிறதா, ‘வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்’ என்று அவரே எழுதியிருக்கிறாரா? கடைசியில் சொன்னது அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திருப்பூரில் குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று யோசியுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு மாற்றிய சீட்டு, கம்பெனி அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. பதிவு, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், எது கிடைத்தாலும் 2021, 2022 தேதியிட்டதாக இருக்க வேண்டும். ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான் என்றால் அதையும் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் தூக்கும். முகவரி மாற்றாதவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், நீதிபதிக்கும் அது தெரியும்.

எல்லாவற்றையும் விட ஒரு பொருளை நீங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். 2021 நவம்பரில் தவணை நின்றதும், ‘திருப்பூர் போனதும் வட்டியும் நின்றுவிட்டதே’ என்று கடன்காரர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார். அம்மா, அந்தச் செய்தியைத் தங்கம் போலப் பாதுகாத்து வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லை என்று தெரிந்துகொண்டே, ஆறு மாதம் கழித்து வழக்குரையில் பழைய முகவரியைக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். போனை மாற்றிவிடாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய உங்கள் வக்கீல் ஏற்பாடு செய்வார்.

கெடுவுக்கு வருவோம். காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் உறுப்புப்படி தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சேராத வழக்கில், தீர்ப்பாணை ஆனது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். உங்களுக்கு அந்த நாள் சென்ற மாதம் 9ஆம் தேதி. ஆனாலும் சம்மன் முறைப்படிதான் சேர்ந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால் 2023 மார்ச்சிலிருந்து எண்ண வேண்டிவரும். அப்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கக் கூடாது. அதனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும், அதே காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மனுவில் ‘உடல்நலக் குறைவு காரணமாகவும் தவிர்க்க முடியாத சூழ்நிலையாலும்’ என்ற தேய்ந்த வரி வேண்டாம். குமாஸ்தாக்களின் கணினியில் அந்த வரி தயாராகவே கிடக்கும். 2021 ஏப்ரலில் எந்தத் தெருவுக்குக் குடி வந்தீர்கள், கணவர் எந்த மாதம் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், 9ஆம் தேதி அமீனா வந்ததை எத்தனை மணிக்கு யார் சொன்னார்கள், 10ஆம் தேதி என்ன செய்தீர்கள், நகல் மனு எந்தத் தேதி என்று எழுதுங்கள். தேதிகள் பேசட்டும்.

1998இல் நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில் தாமதம் 883 நாள். அங்கும் மூலம் ஓர் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். தாமதம் எத்தனை நாள் என்பது முக்கியமல்ல, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று சொல்லி நீதிமன்றம் அதை மன்னித்தது. எல்லா வக்கீல்களும் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுவோம். ஆனால் அண்மை ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கை இறுக்கியிருக்கிறது. அசட்டையாக இருந்தவருக்குத் தாராளம் காட்டத் தேவையில்லை என்று அடிக்கடி எழுதுகிறது. 883 நாளையே மன்னித்தார்களே என்று யாராவது தைரியம் சொன்னால் கேட்காதீர்கள்.

மனுவைத் தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். ஹைகோர்ட் பேச்சுக்கு இப்போது இடமில்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்பென்றால் மேல்முறையீடு சார்பு நீதிமன்றத்துக்குத்தான் போகும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பின் மேல் மேல்முறையீடு செய்ய வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த மேல்முறையீடு முடிவாகிவிட்டால் விதி 13 கதவு மூடிக்கொள்ளும். மேல்முறையீட்டில் நீங்கள் ஏன் வரவில்லை என்ற கதைக்குக் காதுகொடுக்க ஆளில்லை, ஏற்கெனவே உள்ள ஆவணத்தின் மேல்தான் வாதம் நடக்கும். அந்த ஆவணத்தில் உங்கள் பக்கம் ஒரு காகிதம்கூட இல்லை. ஆகவே விதி 13தான் உங்கள் வழி.

மனுப் போட்டதாலேயே அமீனா வருவது நிற்காது. தீர்ப்பை நிறைவேற்றக் கடன்காரர் போட்ட நிறைவேற்று மனுவின் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கத் தனியாக மனுப் போட வேண்டும். அதில் நீதிமன்றம், தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லலாம். தீர்ப்பை ரத்து செய்யும்போதும் செலவுத் தொகை கொடு, இவ்வளவு டெபாசிட் செய் என்று நிபந்தனை விதிக்க விதி 13லேயே அதிகாரம் இருக்கிறது. அந்த நிபந்தனைக்கு ஒரு தேதி போடுவார்கள். அந்தத் தேதி தவறினால் வென்ற மனுவே தானாகத் தள்ளுபடியாகும். நகையை விற்றாவது பணத்தைத் தயாராக வையுங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? கணக்கைப் பாருங்கள். 12.6.2019இலிருந்து 2022 மே 12 வரை 35 மாதம், மாதம் 4,000 வீதம் வட்டி 1,40,000. அசல் 2,00,000. கூட்டினால் 3,40,000. அதாவது நீங்கள் கட்டிய 28 மாதத்தில் ஒரு பைசாவைக்கூட அவர் வரவு வைக்கவில்லை. 1,12,000 ரூபாய் காற்றில் போய்விட்டது. உண்மையில் வழக்குப் போட்ட நாளில் நீங்கள் தர வேண்டியது அசலும் ஏழு மாத வட்டியும், 2,28,000. இந்த 1,12,000தான் உங்கள் வழக்கு. கூகுள் பே 44,000க்கு வங்கிக் கணக்கு அறிக்கை வாங்குங்கள், வங்கியின் முத்திரையோடு. கையில் கொடுத்த 68,000க்கு அவர் சிட்டையில் குறித்துக் கொடுத்திருந்தால் அந்தச் சிட்டையைத் தேடுங்கள். புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பணம் வாங்கியதாகவே சட்டம் அனுமானிக்கும். திருப்பிக் கொடுத்ததை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். வழக்குக்கு உங்கள் பதிலான எதிர்வழக்குரையை இப்போதே எழுதி ரத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். ஒளிந்து விளையாட வரவில்லை, வழக்கை நடத்த வந்திருக்கிறார் என்று நீதிபதிக்கு அது காட்டும்.

2,28,000 நீங்கள் தர வேண்டிய பணம்தான். தீர்ப்பு ரத்தானதும் உங்கள் வக்கீல் மூலம் லோக் அதாலத்துக்கு (சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பக் கேளுங்கள். அங்கே சமரசமானால் வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவரும் இறங்கி வரக்கூடும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: நண்பன் லோடு ஆட்டோ வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் தவணை கட்டவில்லை. நிதி நிறுவனம் சென்னையில் ஒரு நடுவரை (ஆர்பிட்ரேட்டரை) வைத்து என் மேலும் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கி, இப்போது நிறைவேற்று மனுப் போட்டிருக்கிறது. நானும் மேலே சொன்ன விதியில் மனுப் போடலாமா?

(வாசகர், தூத்துக்குடி)

பதில்: முடியாது. உங்களுடையது நீதிமன்றத் தீர்ப்பல்ல, நடுவர் தீர்ப்பம் (அவார்டு). அதை எதிர்க்க 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவுதான் வழி. கையெழுத்திட்ட தீர்ப்பத்தின் நகல் உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன 5ஆம் பிரிவு இங்கே உதவாது. ஆகவே நகல் உங்களிடம் எப்போது வந்தது என்பதே முதல் கேள்வி. வரவே இல்லை என்றால் காலம் ஓடவே தொடங்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த நடுவரை நியமித்தது யார்? தகராறில் பங்குள்ள நிறுவனமே தனியாக ஒருவரை நடுவராக நியமிப்பது செல்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் ஒருதலையான நியமனத்தை ஏற்கவில்லை. கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அந்த நியமன நிபந்தனை இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். நண்பன் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அவனையும் தேடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து 3,00,000 ரூபாயைத் தெரிந்தவருக்குக் கடனாகக் கொடுத்தேன். வழக்குப் போட்டேன். அவர் வரவே இல்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆனது. ஜப்திக்குப் போனதும் ஓடிவந்து ரத்து மனுப் போட்டிருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் கடன் வாங்கியவருக்கே யோசனை சொல்கிறீர்கள். கொடுத்தவன் கதி என்ன?

(வாசகர், மன்னார்குடி)

பதில்: கோபம் நியாயம்தான், ஐயா. பணம் கொடுத்தவர்களுக்காகவும் நான் எத்தனையோ வழக்கு நடத்தியிருக்கிறேன். உங்களுக்கு அறிவிப்பு அனுப்பாமல் உங்கள் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. ஆகவே பதிலுரை போடுங்கள். சம்மன் அவர் கைக்கே போனதென்றால் ஒப்புகை அட்டையின் நகலை இணையுங்கள். பழைய வாய்தாக்களில் அவர் வக்கீல் வக்காலத்துப் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். மனுவை அனுமதிப்பதானால் தொகையில் கணிசமான பகுதியை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான நீதிபதிகள் இதற்குச் செவிசாய்ப்பார்கள். வாயால் கேட்டுவிட்டு வந்தால் பதிவாகாது.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரி வரவில்லை என்பதற்காக ‘வாதி சாட்சியம் அளித்தார், நிரூபிக்கப்பட்டது, தீர்ப்பு’ என்று மூன்று வரியில் எழுதிய தீர்ப்பாக இருந்தால் அது பலவீனமானது. பிரதிவாதி இல்லாவிட்டாலும் வழக்கு நிரூபிக்கப்பட வேண்டும், காரணம் எழுதப்பட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது. உங்கள் தீர்ப்பு நகலை எடுத்து எத்தனை பக்கம் என்று பாருங்கள்.

கேள்வி: கடன் வழக்கில் போன வாய்தாவுக்குப் போக முடியவில்லை. ‘செட் எக்ஸ்பார்ட்டி’ என்று எழுதிவிட்டார்களாம். ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. எல்லாம் முடிந்ததா?

(வாசகி, பெரம்பலூர்)

பதில்: இல்லை. தீர்ப்புக்கு முன்பாகவே வந்துவிட்டால் விதி 13 வரை போக வேண்டாம். அதே கட்டளை 9இன் விதி 7இல் ஒரு சிறிய மனு, வராததற்குக் காரணம், கூடவே எதிர்வழக்குரை, அவ்வளவுதான். ஒருமுறை நானே பஸ் பழுதாகிப் பதினோரு மணிக்கு மேல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தேன், என் கட்சிக்காரர் எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தார். மதியமே மனுப் போட்டேன், மறுவாய்தாவில் நூறு ரூபாய் செலவுத் தொகையோடு அனுமதித்தார்கள். அந்த நூறு ரூபாயை நான்தான் கட்டினேன். வழக்கு அடுத்து எந்தத் தேதிக்கு என்று இன்றைக்கே ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.